இடப்பக்கம் மெலிந்த கோடுகள்

இசோபே கட்சுனோரிக்கு எதையும் யாரையும் முதல் தடவையிலேயே நம்பிப் பழக்கமில்லை. மீன்கடைக்காரர் இன்று காலையில் பிடித்தது என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். மழை வராது என்று தொலைக்காட்சியில் சொன்னால் குடையை எடுத்துக்கொள்வார். வரும் என்று சொன்னாலும் அதையேதான் செய்வார். "பொண்ணு பாக்க வந்தப்போ என் செவுளத் தூக்கிப் பாக்காம விட்டாரே, அதுவே பெரிய விஷயம்" என்று அவர் மனைவி மிசாவோ அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் ஷிசுவோகாவில் ஆள்கள் இருந்தார்கள். ஊரே பிளாஸ்டிக் மாடல் வண்டிகள் செய்யும் ஊர். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் வார்த்துக் கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றின் சோதனை மேஜையில் உட்கார்ந்தே அவருக்குத் தலை நரைத்தது. நகத்தளவு சக்கரத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, விளிம்பில் பிசிறு இருந்தாலோ நடுவில் குழி விழுந்திருந்தாலோ சிவப்புப் பெட்டியில் போட வேண்டும், அதுதான் வேலை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் பெட்டியை விடவில்லை. எதிரே வருகிற மனிதர்களை அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று கனமோரியின் விலாங்கு மீன் சாப்பாட்டுக் கடை மாடியில் டாங்கிச் சங்கம் கூடும். சங்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், கனமோரிதான் தலைவர். கீழேயிருந்து விலாங்கு வாட்டுகிற புகை ஏறி வரும், மேலே தின்னர் வாடை அதை எதிர்த்து நிற்கும். நடு மேஜையில் உள்ளங்கை அளவு ராணுவ வண்டிகள், எல்லாம் நிஜ வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த வேலையில் பெயின்ட் அடிப்பது பாதிகூட இல்லை. அடித்த பிறகுதான் அதைப் போருக்குப் போய் வந்த வண்டியாக மாற்ற வேண்டும். துரு வேண்டும், சேறு வேண்டும், புகைக்கரி வேண்டும், வீரர்களின் பூட்ஸ் தேய்த்த இடம் தேய்ந்திருக்க வேண்டும். வீட்டில் தூசு தட்டச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற ஆள்கள் அந்தக் குட்டி வண்டியில் தூசு போட மாதக்கணக்கில் உட்காருவார்கள். பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

சங்கத்துக்கு ஒரே சட்டம். மே மாதக் கண்காட்சியில் சங்கத்தின் மேஜையில் எவர் பெயரோடு எது நின்றாலும், முதல் பூச்சிலிருந்து கடைசிப் பூச்சு வரை அவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். காசுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் ஆள்கள் ஊரில் நிறைய இருந்ததால் வந்த சட்டம் அது. முன்பு சுகாயா என்ற ஒருவர் வாங்கின டாங்கியைத் தன்னுடையதென்று கொண்டுவந்தார். பூச்சை உற்றுப் பார்த்து அவரைப் பிடித்தது இசோபேதான். சுகாயா அதன் பிறகு ஊரில் எந்தச் சங்கத்திலும் தலைகாட்டவில்லை. அன்றிலிருந்து மேஜைக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் முதலில் இசோபேயின் பூதக்கண்ணாடிக்குக் கீழே வந்தாக வேண்டும் என்றாயிற்று.

அவர் வாயிலிருந்து பாராட்டு வராது. குறைதான் வரும், அதுவும் முகத்துக்கு நேரே. மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் அதற்காகவே வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அவர்தான் நாகுரா எய்சாக்கு, முடிதிருத்துபவர். வாலிபத்தில் இருவரும் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். இசோபேயின் தலை நாகுராவின் கத்தரியைத் தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை. தலையைக் குனிய வைத்துக்கொண்டு நாகுரா கேட்பார், "போன வண்டியில என்ன குத்தம், சொல்லு." இசோபே சொல்லுவார். இரண்டு பேரும் அதைத்தான் சிநேகிதம் என்று நினைத்திருந்தார்கள், இசோபேக்கு வேறு சிநேகிதமும் கிடையாது.

அந்த நாகுரா போன வருடம் திடீரென்று கடையை மூடினார். இடுப்பு வலி, நிற்க முடியவில்லை என்றார். ஆனால் விலாங்குக் கடையின் செங்குத்தான மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தார். இசோபே அதைக் கவனித்து வைத்துக்கொண்டார்.

இலையுதிர்காலக் கூட்டத்தில் நாகுரா ஒரு ரஷ்ய டாங்கியைக் கொண்டுவந்து வைத்தார். பனிக்காலத்து வண்டி. பச்சைக்கு மேல் வெள்ளையை வீரர்கள் விளக்குமாற்றால் அடித்து, பிறகு அது மழையிலும் பனியிலும் கரைந்து பச்சை வெளியே தெரிகிற மாதிரி. இதற்கு ஒரு வழி உண்டு. பச்சை காய்ந்ததும் முடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரேயை அடித்து, அதன் மேல் வெள்ளை பூசி, ஈரப் பிரஷால் சுரண்டினால் வெள்ளை உதிரும். நாகுராவுக்கு ஸ்ப்ரேக்குப் பஞ்சமா?

"அடேயப்பா!" என்றார் கனமோரி, கையிலிருந்த துண்டால் விலாங்கு எண்ணெயைத் துடைத்துக்கொண்டே. "குளிருதுய்யா பாக்கறதுக்கே. உன் வேலையிலேயே இதான்யா உச்சம்."

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். இசோபே கடைசியாகப் போய் வண்டியைத் தூக்கினார். தூக்கிய கை சட்டென்று இறங்கியது. கல்லை விழுங்கியதுபோல அவ்வளவு கனம். அலமாரியில் நிற்கப்போகிற டாங்கிக்குள் எதற்கு எடை?

பூதக்கண்ணாடியை எடுத்தார். பக்கத் தகட்டில் வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக ஓடின. பிரஷ் முதலில் பட்ட இடத்தில் பெயின்ட் கனமாக இருக்கும், விட்ட இடத்தில் மெலிந்து முடியும். வலக்கைக்காரன் இடமிருந்து வலமாக இழுப்பான், மெலிவு வலப்பக்கம் விழும். நாகுராவின் பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். இந்த வண்டியில் ஒரு கோடு பாக்கியில்லாமல் இடப்பக்கம் மெலிந்திருந்தது.

இசோபேக்கு மூக்கில் வியர்த்தது. இதை அடித்தவன் இடக்கைக்காரன்.

"என்ன குத்தம்?" என்று கேட்டார் நாகுரா. மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் வைத்த தேநீர் தொடாமலே ஆறிப்போயிருந்தது.

"அப்புறம் சொல்றேன்" என்றார் இசோபே. அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாகுராவின் முகம் சுருங்கியதைக் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டார். சந்தேகம் வந்துவிட்டால் எதுவும் சாட்சியாகிவிடும்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மிசாவோ மீன்தூள் தூவி வைத்த முள்ளங்கி கறுப்புச் சாற்றிலேயே கிடந்தது.

"நாகுராவா? அந்த மனுசனையா சந்தேகப்படுறீங்க?" என்றாள் மிசாவோ. "கழுத்துல கத்திய வெக்க விட்ட ஆளுங்க நீங்க. அப்பல்லாம் நம்பினீங்கல்ல?"

"கத்தி வேற, பெயின்ட் வேற."

"ஆமா. கத்தியில உங்க கழுத்துதான போகும்!"

ஊரில் காசுக்கு வண்டி முடித்துக் கொடுப்பவர்களில் இடக்கைக்காரர் ஒருவர்தான்: ஷிமுரா ரெய்கோ. ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாடல் கடையில் பெயின்ட் பகுதியைக் கவனித்துக்கொண்டு, மாலையில் அதே மேஜையில் வேலை செய்பவள். இசோபே பெயின்ட் வாங்குகிறவரைப்போல உள்ளே நுழைந்து, வெள்ளைப் புட்டி ஒன்றை எடுத்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி தெறக்காதுங்க, இசோபே-சான். புதுசு" என்றாள் ஷிமுரா.

"பனிக்கால ரஷ்ய வண்டி ஏதும் இப்ப முடிச்சீங்களா?"

"யாருக்கு வேணும்?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா கேட்டு நான் பாத்ததில்லையே." அவள் இடக்கையால் பிரஷை அலசிக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு பேர்ல சந்தேகம்?"

"நாகுரா."

ஷிமுரா பிரஷைத் துடைத்து வைத்தாள். "அவரு இங்க வந்தாரு. வண்டிக்கு இல்ல. பிரஷ ஆடாம புடிக்கிற மாதிரி சின்னப் பிடி இருக்கான்னு கேட்டாரு. பட்டறைக்காரங்க மேஜையில முறுக்கி வெக்கிற பிடி. கொடுத்தேன். மத்தபடி அவரு வண்டிய நான் தொடல."

"உங்ககிட்ட அடிச்சு வாங்கினவங்க எல்லாரும், நீங்க தொடலைன்னுதான் சொல்லச் சொல்லியிருப்பாங்க."

"அப்போ என்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றாள் அவள். "போய் அவருகிட்டயே கேளுங்க. இல்ல, கண்ணாடியப் பாத்துக் கேளுங்க."

அவள் சொன்ன பிடியை இசோபே சட்டையே செய்யவில்லை. பேச்சை மாற்றுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். விலை கேட்காமலே வெள்ளைப் புட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். தனியாகக் கேட்டிருக்கலாம். அந்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

"நாகுரா. இந்தா சக்கரம், இந்தா பிரஷ். இங்க உக்காந்து வெள்ளையில ஒரு இழு இழு பாப்போம்."

கீழே அடுப்பில் எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது. நாகுராவின் கைகள் மேஜைக்கு மேலே வரவில்லை.

"எதுக்கு?" என்றார்.

"உன் டாங்கியில கோடெல்லாம் இடக்கைக் கோடு. நீ வலக்கை."

"அதனால?"

"அதனால ஒரு இழு இழு."

நாகுரா அவரையே பார்த்தார். கோபம் இருந்திருந்தால் இசோபேக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த முகத்தில் பயம்தான் இருந்தது. எழுந்து, மேல்சட்டையைத் தோளில்கூடப் போடாமல் முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு படியிறங்கினார். டாங்கி மேஜையிலேயே நின்றது.

கனமோரி தலையைச் சொறிந்தார். "சட்டம் சட்டம்தான்" என்றார் கடைசியில். "இது தெளியற வரைக்கும் மே மாச மேஜையில நாகுராவுக்கு எடமில்ல. தெளியலைன்னா சங்கத்துலயும் இல்ல. சுகாயாவுக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணுன்னு வெச்சுக்க முடியாது."

ஜெயித்தவர் இசோபே. ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. நாகுரா இல்லாத மே மாதத்தை நினைத்துப் பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியும் அவரது புத்தி போன வழியைப் பாருங்கள்: கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தார். டாங்கியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், ஒரு பிற்பகல், பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு நாகுராவின் கடைக்குப் பின்சந்து வழியாகப் போனார். ஷிமுராவின் சைக்கிள் அங்கே நிற்கும் என்று எதிர்பார்த்தார்.

சைக்கிள் இல்லை. பின்கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தார்.

மூடிய கடைக்குள், கண்ணாடிக்கு எதிரே, வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் நாகுரா உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் கையில் அந்தச் சின்னப் பிடி முறுக்கப்பட்டிருந்தது. பிடியில் ஒரு பிரஷ், ஆணி அடித்தாற்போல அசையாமல். நாகுரா ஒரு டாங்கியின் உடலை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை வயிற்றோடு இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பிரஷின் நுனிக்குக் கொண்டுபோனார். பிரஷ் நகரவில்லை. டாங்கியைத்தான் வலப்பக்கமாக இழுத்தார். தகட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. டாங்கி வலமாகப் போனதால் கோடு இடமாக ஓடி, இடப்பக்கம் மெலிந்தது.

பிறகு டாங்கியைக் கீழே வைத்தார். வைத்ததும் இரண்டு கையும் ஆட ஆரம்பித்தன. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, அவர் சொல் கேளாமல்.

இசோபே பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"எவ்ளோ நேரம்யா நிப்ப?" என்றார் நாகுரா திரும்பாமலே. முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் பின்கதவு முழுதாகத் தெரியும். "செருப்பக் கழட்டிட்டு வா."

இசோபே உள்ளே போய்ப் பெட்டியை வைத்தார். "கனம்..." என்று தொடங்கினார்.

"தூண்டிலுக்குக் கட்டுற ஈயம். வெறுங்கிண்ணத்தப் புடிச்சா கை ஆடுது, சோறு வெச்ச கிண்ணத்தப் புடிச்சா அவ்வளவா ஆடல. அதான் வண்டிக்குள்ளயும் வெச்சேன்." நாகுரா சிரித்தார். "இடக்கைக்காரனாமே. நல்லா கண்டுபுடிச்ச போ. இருந்தாலும் உன் கண்ண மெச்சணும்யா. பன்னெண்டு பேரு பாத்தாங்க, ஒருத்தனுக்கும் தெரியல."

"ஏன்யா சொல்லல?" என்றார் இசோபே. "கடைய மூடினப்பவே சொல்லியிருக்கலாமே! இடுப்பு, இடுப்புன்ன. நான் உன்னத் திருடன்னு..."

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

இசோபே பெட்டியின் மூடியை நிமிண்டினார்.

"நான் சொல்றேன். 'இந்தக் கைய வெச்சுக்கிட்டு இவ்ளோ பண்ணியிருக்கியே'ன்னு சொல்லியிருப்ப. டாக்டர் அதத்தான் சொல்றாரு. நகோயாவுலேர்ந்து பொண்ணு போன் பண்ணி அதத்தான் சொல்றா. கொழந்த மொத மொத எழுந்து நின்னா கை தட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. எனக்கு அது வேணாம்." நாகுரா ஆடுகிற கையை மற்ற கையால் அமுக்கிப் பிடித்தார். "என் வண்டியப் பாத்துத் திட்டறதுக்கு ஊர்ல ஒரே ஒரு ஆள் இருந்தான். அவனும் கை தட்ட ஆரம்பிச்சுட்டா நான் எங்க போவேன்?"

இசோபே அழுதார். பெண்டாட்டிக்கும் தெரியாமல் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்ததை அந்தப் பழைய கடையில் வைத்து அழுதார். நாகுரா ஒரு சவரத் துண்டை எடுத்து நீட்டினார். துண்டு ஆடியது.

"நாளைக்கே கனமோரிகிட்ட சொல்றேன்" என்றார் இசோபே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வாயத் தெறக்கக் கூடாது. தெரிஞ்சா அவன் மேஜையில வெக்கிற பேர் அட்டையில எழுதி வெச்சிருவான், 'நடுங்கும் கைகளால் செய்தது'ன்னு. அப்புறம் எவன் டாங்கியப் பாப்பான்? அட்டையத்தான் பாப்பான்."

அது உண்மை என்று இசோபேக்குத் தெரியும். கனமோரி நல்ல மனிதர், கட்டாயம் எழுதி வைப்பார். நாகுராவின் பெயரைக் காப்பாற்ற அவர் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். ரகசியத்தைக் காப்பாற்றினால் பெயர் போகும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். கடைசியில் மிச்சமிருந்தது ஒரே வழிதான். அது அவருக்குக் கசந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். "நாகுரா அடிச்சதப் பாத்தேன். அவரு கையால அவரேதான் அடிச்சாரு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். கண்ணுல புரை விழுந்திருக்குபோல. இனிமே சோதனைக்கு என்னை வெக்க வேணாம்." பூதக்கண்ணாடியைக் கனமோரியின் முன்னால் வைத்தார்.

கனமோரி அதைத் தொடவில்லை. "போன மாசம் கோடு எந்தப் பக்கம் மெலியுதுன்னு பாத்த கண்ணுல, இந்த மாசம் புரையா?" என்றார். "ரெண்டு பேரும் என்னய்யா பேசி முடிச்சீங்க?"

"ஒண்ணும் பேசல."

"இடக்கைக் கோடுன்னீங்களே, அது எப்படி வந்துச்சு?"

"தெரியாது."

"தெரியாதா? இசோபே-சானுக்கா?" என்று யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். இன்னொருவர் கேட்டார், "அப்போ அன்னைக்கு சுகாயாவ வெரட்டினோமே, அதுவும் புரைதானா?"

இசோபே தலையைக் குனிந்துகொண்டார். சுகாயா நிச்சயமாகத் திருடர்தான். ஆனால் அதை இப்போது எடுத்துச் சொன்னால், இந்தக் கண்ணுக்குப் புரை இல்லை என்று ஆகிவிடும். அவர் இதுவரை ஒதுக்கிய வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பேச்சில் திரும்பி வந்தன. அத்தனைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டியவரே பின்வாங்கிவிட்டதால் நாகுராவுக்கு மேஜையில் இடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு இருவரும் மாடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். இசோபே கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால், எங்கே போனார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சந்தேகப்படுவதுதான் அவருக்குப் பழக்கம். சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மே வந்தது. கண்காட்சி அரங்கில் ஊர் ஊராக வந்த சங்கங்கள் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக மேஜை போட்டிருந்தன. விலாங்குக் கடைச் சங்கத்தின் மேஜை ஓரத்தில் அந்தப் பனிக்கால டாங்கி நாகுராவின் பெயரோடு நின்றது. ஒசாகாவிலிருந்து வந்த ஆள்கள் குனிந்து பார்த்து, படம் எடுத்து, "பனியில வந்து நிக்கிற மாதிரியே இருக்குய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கையைப் பற்றித் தெரியாது. நாகுரா மேல்சட்டைப் பைகளில் கைகளை நுழைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் அப்பா மாதிரி நின்றிருந்தார். இத்தனை கஷ்டத்துக்கும் அந்த ஒரு நிமிடம் போதும் என்று இசோபேக்குத் தோன்றியது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நாகுரா அவரைத் தோளால் இடித்தார். "இன்னும் நீ சொல்லல. 'அப்புறம் சொல்றேன்'னியே. இப்பச் சொல்லு. என்ன குத்தம்?"

இசோபே குனிந்தார். பூதக்கண்ணாடி கனமோரியிடம் இருந்ததால் வெறுங்கண்ணால் பார்த்தார். கை தட்டக் கூடாது, கை தட்டக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே டாங்கியின் மூக்கிலிருந்து வால் வரை பார்த்தார். பீரங்கிக் கோபுரத்தில் குறை இல்லை. பக்கத்திலும் இல்லை. பயமாக இருந்தது. பின்தகட்டுக்கு வந்ததும் அப்பாடா என்றிருந்தது.

"சேறு" என்றார் கறாராக. "பின்தகட்டுல அப்பியிருக்க பாரு. ஈரச் சேறும் காஞ்ச சேறும் ஒரே நெறம். ஈரம்னா கறுத்துத் தெரியணும். சோம்பேறித்தனம்யா இது. என் காலத்துல இத செவப்புப் பெட்டியில போட்டிருப்பேன்."

நாகுராவின் முகம் மலர்ந்தது. ஒரு கணம் பழைய நாகுரா, கையில் கத்தரியோடு நிற்கிற நாகுரா. குனிந்து பின்தகட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது மலர்ச்சி இல்லை.

"மூணு தடவ இந்த வண்டியக் கையில எடுத்துப் பாத்திருக்க" என்றார் மெதுவாக. "அப்பல்லாம் இந்தச் சேறு உன் கண்ணுல படலையே."

"அப்ப நான் கோட்டத்தான பாத்தேன்?"

"நெசமாவே குத்தமா இது? இல்ல, எனக்காகத் தேடிப் புடிச்சியா?"

இசோபே மறுபடி குனிந்தார். சேறு ஒரு நிறமாகத் தெரிந்தது. தலையைச் சற்றுச் சாய்த்தால் இரண்டு நிறமாகவும் தெரிந்தது. நகத்தளவு சக்கரத்தில் முடியளவு பிசிறைக் கண்டுபிடித்த கண்கள் அவை. எவ்வளவு விழித்துப் பார்த்தும் எது நிஜம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நெசம்தான்யா" என்றார் நிமிராமலே.

நாகுரா நம்பவில்லை.